பத்து நிமிடமும் பத்து மணி நேரமும்



பத்தே நிமிடத்தில் பால் வரும், பருப்பு வரும், கறிவேப்பிலைகூட வரும் என்று தலைநகர் முழுவதும் தட்டி கட்டி விளம்பரம் செய்தார்கள். 2026 ஜனவரியில் மத்தியத் தொழிலாளர் அமைச்சர் மன்சுக் மாண்டவியா கம்பெனிக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசினார். அதன் பிறகு பிளிங்கிட் கம்பெனி அந்தப் பத்து நிமிட வாசகத்தை எடுத்துவிட்டது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் அமைச்சரின் நெஞ்சில் இரக்கம் தானாக ஊறிவிடவில்லை. 2025 டிசம்பர் 25 அன்றும் 31 அன்றும் பல ஊர்களில் டெலிவரித் தொழிலாளர்கள் வண்டியை ஓரம் கட்டினார்கள். அதற்குப் பிறகுதான் அமைச்சருக்கும் பேச நேரம் கிடைத்தது.

இப்போது நாம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். தட்டியில் இருந்த பத்து நிமிடம் போய்விட்டது. பையன் தெருவில் கிடக்கும் பத்து மணி நேரமும் பன்னிரண்டு மணி நேரமும் போய்விட்டதா?

போகவில்லை. அதைப் பற்றி அமைச்சரும் பேசவில்லை, கம்பெனியும் பேசவில்லை. ஆகவே நாம் பேச வேண்டியிருக்கிறது.

நமக்கு என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்களுக்கு

ஆர்.கே.புரத்தில் மலை மந்திர் படியில் நின்று பார்த்தாலும் சரி, செக்டர் நான்கில் நம் தமிழ்ப் பள்ளி வாசலில் நின்று பார்த்தாலும் சரி, முதுகில் பெட்டி கட்டிய பையன்கள் நிமிடத்துக்கு ஒருவராகப் போகிறார்கள். அவர்களில் பீகாரிப் பையன் உண்டு, உத்தரப் பிரதேசத்துப் பையன் உண்டு, சேலத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வந்த நம் குடும்பத்துப் பையனும் உண்டு. அப்பா அரசு அலுவலகத்தில் பியூனாகவோ அம்மா வீட்டு வேலைக்கோ போய்ப் படிக்க வைத்த பிள்ளை. ப்ளஸ் டூ முடித்தான், பட்டம்கூட வாங்கினான், வேலை கிடைக்கவில்லை, கடனுக்கு மோட்டார் சைக்கிள் வாங்கிக் கம்பெனியில் பெயர் பதிந்துகொண்டான்.

ஜங்புராவில் மதராசி கேம்ப் 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. தகுதி உண்டு என்று ஒப்புக்கொள்ளப்பட்ட குடும்பங்களுக்கு ஊரின் கடைக்கோடியில் நரேலாவில் வீடு என்றார்கள். அங்கிருந்து தென் டெல்லிக்கு வண்டி ஓட்டி வந்து, அதன் பிறகுதான் ஒரு பையன் போனில் டூட்டி திறக்கிறான் என்றால், அவன் நாள் எத்தனை மணி நேரம்? எண்ணிப் பாருங்கள்.

இது ஒரு சில பேர் விஷயமும் அல்ல. நிதி ஆயோக் 2022-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2020-21-இல் இந்த மாதிரி வேலையில் இருந்தவர்கள் 77 லட்சம் பேர். 2029-30-இல் அது 2 கோடியே 35 லட்சமாகும் என்று அதே அறிக்கை சொல்கிறது. நம் பிள்ளைகளுக்கு நாளைக்குக் கிடைக்கப்போகும் வேலை இதுதான். இதற்கு இன்று என்ன சட்டம் வைக்கிறோமோ அதுதான் அவர்கள் வாழ்க்கை.

குமாஸ்தாவின் கணக்கு

நான் ரயில்வேயில் குமாஸ்தா. டூட்டி நேரத்தையும் ஓவர்டைமையும் பார்த்துப் பழகியவன். ஆகவே வசனத்தை விட்டுவிட்டுக் கணக்குக்கு வருகிறேன். கணக்கும் என்னுடையது அல்ல, கம்பெனியுடையது.

சொமாட்டோவும் பிளிங்கிட்டும் ஒரே முதலாளியின் கடைகள். அதன் தலைமை நிர்வாகியாக அன்று இருந்த தீபிந்தர் கோயல், டிசம்பர் போராட்டத்துக்குப் பதில் சொல்வதற்காக 2026 ஜனவரித் தொடக்கத்தில் சில எண்களை வெளியிட்டார். 2025-இல் சொமாட்டோவில் ஒரு டெலிவரித் தொழிலாளி மணிக்குச் சராசரி 102 ரூபாய் சம்பாதித்தார் என்றார். பெட்ரோலுக்கும் ரிப்பேருக்கும் சுமார் 20 சதவீதம் போகும் என்று அவரே ஒப்புக்கொண்டார். ஒரு நாளைக்கு 10 மணி நேரம், மாதத்துக்கு 26 நாள் ஓட்டினால் கையில் சுமார் 21,000 ரூபாய் நிற்கும் என்று அவரே கணக்கும் போட்டுக் காட்டினார். பார்த்தீர்களா, நல்ல சம்பளம்தானே என்பது அவர் வாதம்.

சரி, அந்த எண்களையே எடுத்துக்கொள்வோம். 10 மணி நேரம், 26 நாள் என்றால் மாதம் 260 மணி நேரம். இந்த நாட்டில் ஒரு தொழிலாளிக்குச் சட்டம் சொல்வது என்ன? ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம். அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம். 1948-ஆம் ஆண்டு பாக்டரிச் சட்டத்தில் ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் இருந்தது. 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது.

டெல்லியில் 2025 ஏப்ரலில் திறன் தேவைப்படாத வேலைக்கான குறைந்தபட்சக் கூலி மாதம் 18,456 ரூபாயாக இருந்தது. இது 8 மணி நேரம், 26 நாளுக்கு, அதாவது 208 மணி நேரத்துக்கு. மீதி 52 மணி நேரம் ஓவர்டைம். அதற்கு இரட்டைக் கூலி என்றால் 9,228 ரூபாய். இரண்டையும் கூட்டினால் 27,684 ரூபாய்.

டெல்லியின் வாகன நெரிசலில் வண்டி ஓட்டி, போன் பார்த்து, விலாசம் கண்டுபிடித்து, மாடி ஏறி இறங்குகிற வேலை திறன் இல்லாத வேலையா? ஆகாது. ஆனாலும் வாதத்துக்காக மிகக் கீழான கூலியையே எடுத்துக்கொண்டேன். அப்படியும் சட்டக் கணக்கில் 27,684, முதலாளி பெருமையாகக் காட்டும் கணக்கில் 21,000. மாதம் 6,600 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். இதில் வண்டியின் தவணை இல்லை, போன் செலவு இல்லை, வருங்கால வைப்பு நிதி இல்லை, சம்பளத்தோடு விடுமுறை இல்லை.

இந்த 6,600 ரூபாய் எங்கே போகிறது? ஆள் வைக்கும் செலவு என்று கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் வரவேண்டிய தொகை, நம் பையனின் முதுகில் ஏறியிருக்கிறது.

38 நாள் என்னும் கண்கட்டு வித்தை

அதே சமயத்தில் அவர் இன்னோர் எண்ணையும் சொன்னார். சராசரித் தொழிலாளி ஆண்டுக்கு 38 நாள்தான் வேலை செய்கிறார், நாளைக்கு ஏழு மணி நேரம்தான் என்றார். ஆகவே இது பகுதி நேர வேலை, இதற்கு எதற்கு எட்டு மணிச் சட்டம் என்பது அந்த எண்ணுக்குள் இருக்கும் வாதம்.

சராசரி என்பது என்ன என்று பார்ப்போம். உதாரணத்துக்குப் பத்துப் பேர் வேலைக்குச் சேருகிறார்கள். ஒன்பது பேர் பத்து நாள் ஓட்டிவிட்டுக் கட்டாது என்று ஓடிப்போகிறார்கள். ஒருவர் மட்டும் வேறு வழியில்லாமல் ஆண்டு முழுவதும் 290 நாள் ஓட்டுகிறார். மொத்தம் 380 நாள். பத்துப் பேரால் வகுத்தால் சராசரி 38 நாள்! ஆனால் அந்த 380 நாள் வேலையில் 290 நாளைச் சுமந்தது யார்? அந்த ஒருவர். முக்கால் பங்கு பாரத்தை ஒருவன் சுமக்கும்போதும் சராசரி 38 என்றுதான் வரும்.

ஓடிப்போனவர்களை வைத்து நின்றவனின் உரிமையை மறுப்பது எந்த ஊர் நியாயம்? பத்தில் ஒன்பது பேர் பத்து நாளில் ஓடுகிற வேலை என்றால் அந்த வேலையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

ரயிலில் ஆள் இல்லை, இங்கே ஆள் எல்லை இல்லை

வேலை நேரம் என்பது சும்மா கிடைத்த வரம் அல்ல என்று ரயில்வேக்காரனுக்குத் தெரியும். நீராவி இன்ஜின் காலத்தில் டிரைவரும் பயர்மேனும் 14 மணி நேரம், அதற்கு மேலும் இன்ஜினில் வெந்தார்கள். 1973-இல் லோகோ ரன்னிங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த ஆண்டு ஆகஸ்டில் ரயில்வே அமைச்சர் எல்.என்.மிஸ்ரா பத்து மணி நேர வரம்பை ஒப்புக்கொண்டார். மறு ஆண்டு மே 8 முதல் 27 வரை நடந்த அகில இந்திய ரயில்வே வேலைநிறுத்தத்தில் எட்டு மணி நேர வேலையும் ஒரு கோரிக்கை. அதற்காக ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றார்கள், வேலை இழந்தார்கள், குவார்ட்டர்ஸிலிருந்து குடும்பத்தோடு வெளியேற்றப்பட்டார்கள்.

அந்தப் பத்து மணி எப்படி எண்ணப்பட வேண்டும் என்பதுதான் முக்கியம். கையெழுத்துப் போட்டு டூட்டி ஏறுவதிலிருந்து கையெழுத்துப் போட்டு இறங்கும் வரை. வண்டி லூப் லைனில் நின்றாலும் டூட்டி, சிக்னலுக்குக் காத்திருந்தாலும் டூட்டி. சக்கரம் சுற்றிய நேரம் மட்டும் வேலை என்று எந்த அதிகாரியும் எழுத முடியாது.

ரயில்வேயிலும் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆள் எடுக்காமல் இருப்பவனையே ஓட்டுகிற வித்தை அங்கேயும் உண்டு. 2024 ஜூன் 17 அன்று மேற்கு வங்கத்தில் காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸ் மீது சரக்கு வண்டி மோதியது. அடுத்த சில நாட்களில், 5,696 என்று அறிவித்திருந்த உதவி லோகோ பைலட் பணியிடங்களை 18,799 ஆக உயர்த்தினார்கள். விபத்துக்கு முன்பும் அந்த இடங்கள் காலியாகத்தானே இருந்தன? 2025 பிப்ரவரியில் லோகோ பைலட்டுகள் 36 மணி நேரம் உண்ணாவிரதம் இருந்து வேலை நேரத்தைக் குறைக்கக் கேட்டார்கள். போராட்டம் தொடர்கிறது.

டெலிவரிக் கம்பெனியில் நடப்பது இதற்கு நேர் எதிர் என்று மேலோட்டமாகத் தோன்றும். அங்கே ஆள் எடுக்க எல்லையே இல்லை. கேட்டவனுக்கெல்லாம் சட்டையும் பெட்டியும் உண்டு. அப்படியானால் வேலைப் பளு குறைய வேண்டுமே, ஏன் குறையவில்லை?

ஏனென்றால் காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி இல்லை. கிடங்கு வாசலில் இருபது பேர் நிற்கலாம், நாற்பது பேரும் நிற்கலாம். நிற்பவனுக்குக் கம்பெனி ஒரு பைசா கொடுப்பதில்லை. ஆள் அதிகமானால் கம்பெனிக்கு ஆர்டர் தாமதமாகாது, லாபம். பையனுக்கு மணிக்கு வரும் ஆர்டர் குறையும், நஷ்டம். முன்பு எட்டு மணியில் சம்பாதித்ததைச் சம்பாதிக்க இப்போது பத்து மணி நிற்பான், பிறகு பன்னிரண்டு மணி நிற்பான். ரயிலில் ஆளை எடுக்காமல் நேரத்தை நீட்டுகிறார்கள். இங்கே ஆளைக் குவித்து நேரத்தை நீட்டுகிறார்கள். இரண்டுக்கும் வேர் ஒன்று: தொழிலாளியின் ஒரு மணி நேரத்துக்கு முதலாளி விலை கொடுப்பதில்லை.

ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி என்று நம் முன்னோர் ஏன் வைத்தார்கள்? தொழிலாளிக்கு நாலு காசு கூடக் கிடைக்கட்டும் என்பதற்காக மட்டும் அல்ல. கூடுதல் நேரம் வாங்குவதைவிடக் கூடுதல் ஆள் வைப்பது மலிவு என்று முதலாளிக்குத் தோன்ற வேண்டும். அது முதலாளிக்குப் போட்ட பிரேக். இங்கே ஓவர்டைம் கிடையாது, இன்சென்டிவ் உண்டு. இத்தனை ஆர்டர் முடித்தால் இத்தனை ரூபாய், ஒன்று குறைந்தாலும் இல்லை. இரவு பதினொரு மணிக்குக் கண் எரியும்போதும் இன்னும் இரண்டு ஆர்டர், இன்னும் ஒரு ஆர்டர் என்று துரத்துகிறது. பிரேக்கைக் கழற்றிவிட்டுச் சாட்டையை மாட்டியிருக்கிறார்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது?

புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இவர்களுக்கு முதல் முறையாகப் பெயர் கொடுத்திருக்கிறது. கம்பெனிகள் ஆண்டு வருமானத்தில் 1 முதல் 2 சதவீதம் நல நிதிக்குக் கட்ட வேண்டும், அதுவும் இவர்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. இன்சூரன்ஸ் வரலாம், மருத்துவ உதவி வரலாம். வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதே சட்டம், இவர்கள் வழக்கமான முதலாளி - தொழிலாளி உறவுக்கு வெளியே இருப்பவர்கள் என்றும் எழுதி வைத்திருக்கிறது. அந்த ஒரு வரியில் எட்டு மணி நேரம் போயிற்று, ஓவர்டைம் போயிற்று, குறைந்தபட்சக் கூலியும் போயிற்று. செத்தால் பணம் உண்டு, சாகாமல் இருக்க நேர வரம்பு இல்லை!

மாநிலங்களில் ராஜஸ்தான் 2023-இல் தனிச் சட்டம் போட்டது, கர்நாடகம் 2025-இல் போட்டது. நம் தமிழ்நாட்டில் நல வாரியம் அமைத்தார்கள். 2025 பட்ஜெட்டில், இரண்டாயிரம் பேருக்கு மின்சார ஸ்கூட்டர் வாங்கத் தலைக்கு 20,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். பையனுக்குக் கிடைத்தால் நல்லது. ஆனால் யோசியுங்கள்: ரயில் ஓட்டுகிறவன் இன்ஜினைச் சொந்தமாக வாங்கி வருவதில்லை. தொழிற்கருவி முதலாளியின் செலவு. அந்தச் செலவு இங்கே பாதி பையன் தலையில், பாதி மக்களின் வரிப் பணத்தில்.

தமிழ்நாட்டு வரலாற்றிலிருந்து இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2023 ஏப்ரல் 21 அன்று பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதாவைச் சட்டசபையில் நிறைவேற்றினார்கள். தொழிற்சங்கங்கள் கொதித்தன, ஆளும் கட்சியின் தோழமைக் கட்சிகளே எதிர்த்தன. மே 1 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் மசோதாவைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். சிங்காரவேலர் சென்னையில் முதல் மே தினக் கொடி ஏற்றி அன்றைக்குச் சரியாக நூறு ஆண்டு. பாக்டரிக்குப் பன்னிரண்டு மணி என்றதும் பத்து நாளில் பின்வாங்க வைத்தோம். தெருவில் பன்னிரண்டு மணி எந்த மசோதாவும் இல்லாமலே நடக்கிறது. சட்டசபைக்கு வராததால் எதிர்க்க ஒரு காகிதம்கூட நம் கையில் இல்லை.

மூன்று சாக்குகளுக்குப் பதில்

முதல் சாக்கு: அவர்கள் தொழிலாளிகள் அல்ல, பங்காளிகள், விரும்பிய நேரத்தில் வரலாம் போகலாம். பங்காளி என்றால் லாபத்தில் பங்கு எங்கே? கூலி விகிதம் மாற்றும்போது அவனைக் கேட்டார்களா? 2023 ஏப்ரலில் டெல்லி வட்டாரத்தில் பிளிங்கிட் கம்பெனி, டெலிவரிக்குக் குறைந்தது 25 ரூபாய் என்றிருந்ததை 15 ரூபாய், அதற்கு மேல் தூரத்துக்கு ஏற்ப என்று மாற்றியது. பையன்கள் வண்டியை நிறுத்தினார்கள், பல கிடங்குகள் மூடிக் கிடந்தன. பங்காளிகளைக் கேட்டுச் செய்திருந்தால் இது நடந்திருக்குமா?

இரண்டாம் சாக்கு: காத்திருப்பது வேலை ஆகாது. லண்டனில் ஊபர் கம்பெனியும் இதைத்தான் சொன்னது. 2021 பிப்ரவரி 19 அன்று பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம், டிரைவர் செயலியைத் திறந்துவைத்துத் தன் வட்டாரத்தில் சவாரிக்குத் தயாராக இருக்கும் நேரமும் வேலை நேரமே என்று தீர்ப்பளித்தது. லூப் லைனில் நிற்பதும் டூட்டி என்று ரயில்வேக்காரன் எப்போதோ சொன்னதுதான்.

மூன்றாம் சாக்கு: கூலியைக் கூட்டினால் விலை ஏறும், ஏழை வாடிக்கையாளர் பாதிக்கப்படுவார். மறுபடி கணக்கு. மாதம் 260 மணி நேரத்தில், மணிக்கு இரண்டே ஆர்டர் என்று வைத்தாலும் 520 ஆர்டர். சட்டக் கூலிக்கும் இன்றைய கையிருப்புக்கும் உள்ள 6,684 ரூபாயை 520-ஆல் வகுத்தால் ஆர்டருக்குச் சுமார் 13 ரூபாய். மூன்று ஆர்டர் என்றால் 9 ரூபாய்கூட இல்லை. 2023-இல் ஒரே நாளில் 25-ஐ 15 ஆக்கிப் பத்து ரூபாய் வெட்ட முடிந்ததே! வெட்ட முடிந்த கை கொடுக்கவும் முடியும். கொடுக்க முடியாத வியாபாரம் என்றால், அது இத்தனை நாளும் நம் பிள்ளையின் இடுப்பெலும்பில் நடந்த வியாபாரம் என்று பொருள்.

அமெரிக்காவில் யு.பி.எஸ். என்றொரு பார்சல் கம்பெனி. 1997 ஆகஸ்டில் அதன் தொழிலாளர்கள் 1,85,000 பேர் பதினைந்து நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பகுதி நேர வேலைகளிலிருந்து பத்தாயிரம் முழு நேர வேலைகளை உருவாக்கக் கம்பெனி ஒப்புக்கொண்டது. 2023 ஒப்பந்தத்தில், ஒரே வேலைக்குக் குறைந்த கூலியில் தனி டிரைவர் வகுப்பு வைத்திருந்ததையும் ஒழித்தார்கள். அந்தக் கம்பெனி மூழ்கிவிடவில்லை, இன்றும் பார்சல் போகிறது. அங்கே சங்கம் இருந்தது, அவ்வளவுதான்.

என்ன கேட்கிறோம்? என்ன செய்யலாம்?

போனில் டூட்டி திறந்ததிலிருந்து மூடும் வரை வேலை நேரம் என்று சட்டத்தில் எழுத வேண்டும். அந்த நேரத்துக்கு, செலவு போக, குறைந்தபட்சக் கூலி உறுதி வேண்டும். எட்டு மணிக்கு மேல் இரட்டிப்பு வேண்டும். கூலி விகிதத்தை மாற்றுமுன் நோட்டீஸ் வேண்டும். காரணம் சொல்லாமல், விளக்கம் கேட்காமல் ஐ.டி.யை முடக்கக்கூடாது. இது புரட்சி அல்ல, ஒரு சாதாரணக் கலாசிக்கு இருக்கும் உரிமை.

இதை டெல்லி சர்க்காரிடமும் மத்திய சர்க்காரிடமும் கேட்பதற்கு முன்னால் நம் கையில் ஆதாரம் வேண்டும். எழுத்தில் இல்லாத ஓவர்டைம் எந்தக் காலத்திலும் கிடைத்ததில்லை. ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் பையனுக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். டூட்டி திறந்த நேரம், மூடிய நேரம், ஆர்டர் எத்தனை, பெட்ரோல் எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு என்று நாலு வரி எழுதட்டும். அவனுக்கு அலுப்பாக இருந்தால் தங்கச்சி எழுதட்டும், அம்மா கேட்டு எழுதட்டும். கம்பெனியின் கணக்குக் கம்பெனியின் மிஷினில் இருக்கிறது. நம் கணக்கு நம் நோட்டில் இருக்க வேண்டும். அதோடு இ-ஷ்ரம் பதிவையும் முடித்துவிடுங்கள். நாளைக்கு நிதி பிரிக்கும்போது பெயர் இல்லை என்று கையை விரிப்பார்கள்.

வாடிக்கையாளராக இருக்கும் நம்மவர்களுக்கும் ஒரு வார்த்தை. மே மாத வெயிலில் நாலு மாடி ஏறி வந்த பையனுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுப்பது மனிதத் தன்மை. தாமதம் என்று மதிப்பெண்ணைக் குறைத்து அவன் வயிற்றில் அடிக்காமல் இருப்பதும் அப்படித்தான். ஆனால் தண்ணீரும் டிப்ஸும் கூலி ஆகிவிடாது. கூலி என்பது கருணை அல்ல, கணக்கு. கணக்கைத் தீர்க்க வேண்டியவன் கம்பெனி முதலாளி.

1973-இல் இன்ஜின் டிரைவர்கள் பத்து மணி கேட்டபோது, வண்டி ஓட ஆள் இல்லை, பணம் இல்லை, நாடு நின்றுவிடும் என்றுதான் சொன்னார்கள். நாடு நிற்கவில்லை. எட்டு மணி நேரம் என்பது பாக்டரி வாசலோடு முடிந்துபோகும் சொத்து அல்ல. அதை மோட்டார் சைக்கிள் ஓட்டும் நம் பிள்ளைகளுக்கும் எழுதி வாங்குவோம். நோட்டைத் திறங்கள், இன்றைய தேதியைப் போடுங்கள்.